வலது தோளில் முந்தானை

"அரை மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டே இருக்கணும்யா. நடுவுல திறந்து பார்த்தீங்கன்னா மறுபடியும் மருந்து விடணும்" என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். செருப்புச் சத்தம் நகர்ந்ததை வைத்துத்தான் அவள் போனது தவசிமுத்துவுக்குத் தெரிந்தது. மருந்து முதலில் கண்ணுக்குள் கரித்தது, பிறகு தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூரணத்திடம் கேட்க நினைத்தார், கேட்கவில்லை. கேட்டால் 'எனக்கென்ன தெரியும், டாக்டரைக் கேளுங்க' என்பாள். அறுபத்தெட்டு வயசுக்காரருக்கு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்வதெல்லாம் ஒரு காரியமா என்றுதான் சாத்தூரில் பஸ் ஏறும்போது நினைத்தார். பெரிய காரியமாகத்தான் இருந்தது. நாமாகத் தூங்குவதற்கு மூடுவது வேறு, இன்னொருவர் சொல்லி மூடுவது வேறு. சொல்லி மூடினால் உள்ளே இருப்பதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. மதுரை ஆஸ்பத்திரியின் நீளமான வராந்தா, வரிசை வரிசையாக பெஞ்சுகள், அதில் தன்னைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும் கிழடுகட்டைகள், எல்லாம் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கண்ணால் பார்த்தவைதான். இப்போது சத்தமாக மட்டும் மிஞ்சியிருந்தன. அந்தப் பக்கம் இருமுகிறவர் மில்லில் வேலை பார்த்தவராக இருக்கும், பஞ்சு இருமல். வலது பக்கம் வளையல் சத்தம், கண்ணாடி வளையல், அதிகம் இல்லை, கைக்கு இரண்டு. யாரோ ஒருத்தர் பெருமூச்சு விட்டு விட்டு 'முருகா' என்கிறார், மகன் சரியில்லாத ஆள். தவசிமுத்துவுக்கு இது பழகின விளையாட்டு. முப்பத்தைந்து வருஷம் சாத்தூர் தபாலாபீசில் கடிதம் பிரித்த மனுஷன். கையெழுத்தைப் பார்த்தே எழுதினவன் கடன்காரனா காதல்காரனா என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவர். சொன்னது சரியா என்று யாரும் போய் விசாரித்ததில்லை, அதனால் எப்போதும் சரியாகவே இருந்தது.

அப்போதுதான் எதிர்ப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. "ஆ காட்டுடீ. காட்டப் போறியா, இல்ல ரெண்டு போடவா?" ஒரு சின்னப் பிள்ளை சிணுங்கியது. காகிதம் சரசரத்தது. "முழுங்கு. முழுங்கித் தொலை." சின்ன வயசுக் குரல்தான், ஆனால் ஈரம் இல்லாத குரல். பெற்றவளாக இருக்காது, தவசிமுத்துவின் மனசு அடுத்த நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது, சித்தியாக இருக்கும், இரண்டாந்தாரம், இந்தப் பிள்ளையைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைவது அவளுக்கு வேண்டாத சுமை, புருஷன்காரன் எங்கேயோ... அடப்பாவி. மூடின கண்ணுக்குள்ளேயே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியுமா. முப்பத்தோரு வருஷம் கழித்து மறுபடியும் அதே இடத்தில் அதே காலை வைக்கிறாயே. அந்தப் புத்தி செத்துவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். இமை துடித்தது. திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், எந்தக் கையால் ஊட்டுகிறாள் என்று மட்டும். திறக்கக் கூடாது. பூரணத்தின் புடவைத் தலைப்பு அவர் முழங்கையில் உரசிக்கொண்டிருந்தது. இடது முழங்கையில். அவள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அவர் இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இடது எது, வலது எது என்பது இந்த ஜென்மத்தில் அவருக்கு லேசான விஷயம் இல்லை.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை அது. மாதம் ஒரு தடவை நடுப்பக்கத்தில் பெரிதாக ஒரு படம் போடுவார்கள். தெருவிலோ சந்தையிலோ, எடுக்கிறார்கள் என்றே தெரியாமல் எடுக்கப்பட்ட மனிதர்கள். கீழே ஒரு வரி இருக்கும். பார்த்ததும் என்ன தோன்றுகிறது, நான்கு வரிக்குள் தபால் அட்டையில் எழுதுங்கள். சாத்தூரில் எழுதுகிற கை நாலைந்து இருந்தது, அதில் தவசிமுத்துவின் கை கொஞ்சம் நீளம். துணுக்கு, ஜோக்கு, ஆசிரியருக்குக் கடிதம், எதையும் விடமாட்டார். பேர் மட்டும் அவருடையது இல்லை. பெண் பெயரில் அனுப்பினால் சீக்கிரம் போடுகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை அந்தக் காலத்தில் எழுதுகிறவர்களுக்கு இருந்தது, அவருக்கும் இருந்தது. ஆகவே 'சாத்தூர் பூரணம்'. அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன பூரணம் அப்படித்தான் எழுத்தாளர் ஆனாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கு நான் என்ன எழுதியிருக்கேன்?" என்று கேட்டுச் சிரிப்பாள். அந்த மாதம் வந்த படம் ஒரு பஸ் ஸ்டாண்டு. தகரப் பெட்டி மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே நாலைந்து வயசுப் பெண் பிள்ளை, வாயைத் திறந்தபடி. மடியில் பிரித்த சோற்றுப் பொட்டலம். அவள் கை பிள்ளையின் வாய்வரைக்கும் போய்விட்டது, முகம் மட்டும் பிள்ளையைப் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்க்கிறது. பின்னால் ஒரு ஆள் பீடியோடு நிற்கிறான். அவ்வளவுதான் படம். தவசிமுத்து அதைக் கால் மணி நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு அவருக்குப் பொறி தட்டியது. ஊட்டுகிற கை இடது கை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு வியர்த்துப் போனது. ஆயிரம் பேர் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், பிள்ளையின் கிழிந்த கவுனைப் பார்ப்பான், கையை எவன் பார்ப்பான். அட்டையை எடுத்து ஒரே மூச்சில் எழுதினார். 'இடக்கையால் ஒரு கவளம், எங்கோ பார்த்தபடி. பெற்றவளாக இருந்தால் வலக்கை வந்திருக்கும்.' இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார். சொல்ல வேண்டாம் என்று நினைக்கிற நாளில்தான் அதிகமாக வரும்.

பூரணம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தாள். "ஏங்க, இந்தப் பொம்பளை என்ன முந்தானைய வலது தோள்ல போட்டுருக்கா?" என்றாள். அவர் அட்டையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார். "சில ஆளுகள்ல அப்படித்தான் போடுவாங்க" என்றார். "பின்னால நிக்கிற ஆளைப் பாருங்க. சட்டைப் பையும் வலது பக்கம் இருக்கே. ஆம்பளைச் சட்டைக்கு எங்கயாச்சும் வலது பக்கம் பை இருக்குமா? படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டுட்டாங்க போல." இவ்வளவுதான் சொன்னாள், குழம்பு கொதித்தது, உள்ளே போய்விட்டாள். தவசிமுத்து படத்தைப் பார்த்தார். பை வலது பக்கம்தான் இருந்தது. அதில் ஒரு சீப்பு கூடத் தெரிந்தது. அந்தச் சீப்பை அவர் பார்த்தார், பார்க்கவில்லை என்று எந்தச் சாமிக்கு முன்னாலும் சொல்ல முடியாது. படம் திரும்பியிருக்கிறது என்றால் அந்தக் கை வலது கை. வலது கை என்றால் எழுதிய நான்கு வரியும் குப்பை. ஆனால் வரி நன்றாக இருந்தது. அதுதான் சனியன். வரி அத்தனை நன்றாக இருந்தது. வேறு என்ன எழுத முடியும், ஒரு பெண் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள் என்றா? அதற்கு யார் பரிசு கொடுப்பான்? படம் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படித்தானே நான் பார்க்க முடியும், திருப்பிப் போட்டது அவன் குற்றம் என்று ஒரு நியாயம் அப்போதே தயாராக வந்து நின்றது. சட்டையை மாட்டிக்கொண்டு போய், முனையில் இருந்த தபால் பெட்டியில் போட்டார். தன் ஆபீசிலேயே தரலாம், அன்றைக்கு என்னவோ தெருப் பெட்டியில் போட்டார். முகம் பக்கத்துக்கு உள்ளே பார்த்தமாதிரி இருந்தால் அழகு என்று படங்களைத் திருப்பிப் போடுவது உண்டு என்று ரொம்ப நாள் கழித்து ஒரு அச்சகக்காரர் சொன்னார். அழகுக்காகத்தான். அவரும் அழகுக்காகத்தான்.

முதல் பரிசு. எவர்சில்வர் டிபன் கேரியர், மூன்று அடுக்கு, பூரணத்தின் பெயருக்குப் பார்சல் வந்தது. தபாலாபீசில் பிரித்துக் காட்டினார். போஸ்ட் மாஸ்டர் அந்தப் பக்கத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். "என்னா பார்வை ஓய் உமக்கு. கையைப் பார்த்தீரே" என்றார் தந்தி பார்க்கிறவர். இரண்டாம் பரிசு திண்டுக்கல்காரருக்கு, அவள் கப்பலுக்குப் போன புருஷனை நினைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். மூன்றாவது ஒரு கல்லூரிப் பெண், தாய் பட்டினி என்றும் பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்தால் பசி கூடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும். ஒரே பெண், ஒரே பொட்டலம், ஆயிரத்துச் சொச்சம் அட்டை வந்ததாம். ஒவ்வொருத்தனும் தன்னிடம் இருந்ததை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போனான். பஸ் வருகிறதா என்று பார்க்கிறாள் என்று ஒருத்தர் கூட எழுதவில்லை. தவசிமுத்து அந்தக் கேரியரில்தான் ஓய்வு பெறும்வரை மத்தியானச் சோறு தின்றார். வலது கையால். அதுவும் ஒரு கொடுமைதான், வேறு கேரியர் வாங்கச் சொன்னால் பூரணம் ஏன் என்று கேட்பாள்.

"முழுங்கிட்டியா? ஆ காட்டு" என்றது எதிர்க் குரல். பிள்ளை ஏதோ சொல்லிச் சிரித்தது. சிரித்ததா, அழுததா? தண்ணீர் பாட்டில் மூடி விழுந்து உருண்டது. தவசிமுத்துவின் நினைப்பு, வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. படம் வந்து ஒன்றரை மாதம் இருக்கும். காலைத் தபால் கட்டை அவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு தபால் அட்டை. சாத்தூர் பூரணம் அவர்கள், சாத்தூர். அவ்வளவுதான் விலாசம். ஸ்கூல் பிள்ளை எழுத்து மாதிரி பெரிது பெரிதாக, வரி கீழே இறங்கிப் போகிற எழுத்து. அனுப்பியவள் ராஜகனி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். அவர் நின்றபடியே படித்தார். அன்புள்ள பூரணம் அக்காவுக்கு, புத்தகத்தில் உள்ள படத்தில் இருப்பது நான். நான் இரண்டாம் தாரம் என்பது நிசம்தான். அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்களோ. ஆனால் பிள்ளைக்கு வலது கையால்தான் ஊட்டினேன். பஸ் வருதான்னு பார்த்தேன், அதை விட்டால் ராத்திரிக்குத்தான் பஸ். பிள்ளை தங்கத்தின் அம்மாச்சி வீட்டார் புத்தகத்தைக் கொண்டுவந்து ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து வாசித்துக் காட்டிப் பிள்ளையைக் கூட்டிப் போய்விட்டார்கள். ஊர் உலகத்துக்கே தெரியுது என்கிறார்கள். அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். நீங்களும் பெண்தானே அக்கா. படம் தப்பு, அவள் வலது கையால்தான் ஊட்டினாள் என்று ஒரு வரி எழுதி உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். பெரியவர்களிடம் காட்டிக்கொள்கிறேன்.

ஒரு வரி. நான்கு வரி எழுதத் தெரிந்தவருக்கு ஒரு வரி. அட்டை இரண்டு நாள் அவர் சட்டைப் பையில் இருந்தது, இடது பையில். அந்த இரண்டு நாளும் அவர் எழுதிப் பார்த்தார், மனசுக்குள்தான். எழுதினால் முன்னால் எழுதியது பொய் என்று ஆகும். பத்திரிகைக்குத் தெரிந்தால்? போஸ்ட் மாஸ்டர் கண்ணாடிக்கு அடியில் இருப்பதை எடுக்கச் சொன்னால்? ஊர்ப் பெரியவர்கள் பூரணத்தைத் தேடிக்கொண்டு வந்து நின்றால், அம்மா நீங்கதான் எழுதினதா என்று கேட்டால், அவள் முழித்தால்? எல்லாவற்றையும்விடப் பெரிது இன்னொன்று. பூரணத்திடம் காட்டினால் அவள் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். நான்தான் அன்னைக்கே சொன்னேனே என்று வாயால் சொல்லமாட்டாள். பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான், சத்தியமாகச் சொன்னால் அந்த ஒரு பார்வைக்குப் பயந்துதான். மூன்றாம் நாள் அட்டையை... இந்த இடம் வந்தால் அவருடைய நினைப்பு எப்போதும் பக்கத்துச் சந்தில் திரும்பி ஓடிவிடும். சீப்பு ஞாபகம் வரும். படத்தைத் திருப்பியவன் மேல் கோபம் வரும். திருப்பாமல் இருந்திருந்தால் நான் இப்படி எழுதியிருக்கவே மாட்டேன், எல்லாம் அவனால் என்று வழக்கம்போல ஆரம்பிக்கும். இன்றைக்கும் ஆரம்பித்தது. ஆனால் எதிரே அந்தக் குரல் இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தது.

"பூரணம்."

"என்ன, எரியுதா?"

"எதுக்கால ஒரு பிள்ளைக்கு ஏதோ குடுக்காளே, யாரு அது?"

"அம்மாதான். பிள்ளைக்குக் கண்ணுல கட்டுப் போட்டிருக்கு, பாவம். அவளைத் தொட்டுக்கிட்டே தின்னுது."

"அம்மான்னு எப்படித் தெரியும்?"

"இது என்ன கேள்வி? அச்சுல வார்த்த மாதிரி ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

"எந்தக் கையால குடுக்கா?"

"இடது கையால. வலது கையைத்தான் பிள்ளை இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கே, விடமாட்டேங்குது. ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

இத்தனை வருஷமாகச் சாய்ந்துகொண்டிருந்த சுவர் மெதுவாக அவர் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் போனது. படம் திரும்பாமலே இருந்திருந்தாலும், நிசமாகவே அது இடது கையாகவே இருந்திருந்தாலும், அதிலிருந்து என்ன தெரிந்துவிடும்? ஒரு கை எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு கை சோறு ஊட்டும். அவ்வளவுதானே. அதற்கு மேல் அந்தக் கையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர்தான் எழுதினார். குற்றத்தை எவன் தலையிலோ வைத்துவிட்டு, கேரியரில் சோறு தின்றார். பெற்றவள் இல்லை என்று குருட்டாம்போக்கில் எழுதியது உண்மையாகவும் இருந்துவிட்டதே, அதுதான் ராஜகனியை வீழ்த்தியது. பொய்யாக இருந்திருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். சொல்லிவிட வேண்டும். இப்போது, கண் மூடியிருக்கும்போதே. திறந்துவிட்டால் சொல்லமுடியாது.

சொன்னார். ரொம்ப மெதுவாக, அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல், படம், முந்தானை, சட்டைப் பை, ராஜகனி, தங்கம் எல்லாவற்றையும். நடுவில் இரண்டு தடவை மருந்துக் கசப்பை விழுங்கினார். முழங்கையில் உரசிக்கொண்டிருந்த புடவைத் தலைப்பு எப்போது விலகியது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டாளோ? இல்லை, மூச்சு கேட்டது. அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று மனசு ஓட ஆரம்பித்தது, அவர் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"எம் பேருக்கா வந்துச்சு?" என்றாள் கடைசியில்.

"ம்."

"என்னை அக்கான்னு எழுதியிருந்தாளா?"

"ம்."

"பிள்ளைய திருப்பிக் குடுத்தாங்களா?"

"தெரியல."

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் போய்க் கேட்கல?"

"கேட்கல."

"வெம்பக்கோட்டைக்கு நம்மூர்ல இருந்து எம்புட்டு நேரம்? முக்கால் மணி நேரம் இருக்குமா?" அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அந்தக் கார்டை என்ன செஞ்சீங்க? கிழிச்சுப் போட்டீங்களா?"

கிழித்துப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கிழித்திருந்தால் கூட ராஜகனி பதில் வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்து ஓய்ந்திருப்பாள். "திருப்பி அனுப்பிட்டேன்" என்றார்.

"சும்மாவா? திருப்புனா ஏதாச்சும் எழுதித்தான அனுப்புவீங்க. சிவப்பு மையில."

வராந்தாவில் யாரோ நம்பர் கூப்பிட்டார்கள். அவருடைய நம்பர் இல்லை. தவசிமுத்து தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார். எது எதன் மேல் இருக்கிறது என்று தெரியவில்லை.

"அப்படி ஒரு ஆள் இந்த ஊர்ல இல்லைன்னு எழுதினேன்."

செருப்புச் சத்தம் வந்தது. "திறங்கய்யா, பார்ப்போம்" என்று நர்ஸ் பெண் அவர் முகவாயைத் தூக்கி விளக்கு அடித்தாள். "நல்லா விரிஞ்சிருக்கு. இங்கனயே இருங்க, கூப்பிடுவாங்க. கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாத்தான் தெரியும்." அவள் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார். பூரணம் இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் கூசியது. முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, கண் நிறைந்திருக்கிறதா, கோபமா, ஒன்றும் பிடிபடவில்லை. இமையைத் தேய்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நான் சாத்தூர்லதானங்க இருந்தேன்" என்றாள் பூரணம்.